கோட்டையும் பொதுவெளியும்: கொங்குப் பின்னலாடை மண்டலத்தின் அரண்களை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்றுக் கோட்டைகளைப் பொதுப் பண்பாட்டு வெளிகளாக மறுவடிவமைப்பது இன்று அரசுத் திட்டங்களிலும் மரபுப் பாதுகாப்புச் சொல்லாடலிலும் பெரிதும் பேசப்படுகிறது. திருப்பூரை மையமாகக் கொண்ட பின்னலாடை மற்றும் துணி உற்பத்தி மண்டலத்தைச் சூழ்ந்துள்ள கோட்டைத் தலங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மதில் மறைந்த ஈரோடு, தாராபுரம். மணிமண்டபமாக நினைவுகூரப்படும் ஓடாநிலை. மதிலோடு நிற்கும் சங்ககிரி ஆகியவை இதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. இவற்றோடு வேலூர்க் கோட்டை ஒப்புநோக்கப்படுகிறது. கோட்டையை அழகுபடுத்துவதும் ஆண்டுக்கு ஒருமுறை விழா எடுப்பதும் மக்களைப் பார்வையாளராக மட்டுமே கருதுகின்றன என்றும், மறுவடிவமைப்பு உழைக்கும் மக்களின் நாட்காட்டியிலிருந்தும் கோட்டையின் பன்மை நினைவிலிருந்தும் தொடங்க வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கோட்டை, அரண், பொதுவெளி, கொங்கு நாடு, சங்ககிரி, ஓடாநிலை, மணிமண்டபம், மரபுப் பாதுகாப்பு, பின்னலாடைத் தொழிலாளர்.

முன்னுரை

கோட்டை என்பது அடிப்படையில் விலக்கும் கட்டடம். அகத்தாரையும் புறத்தாரையும் பிரிப்பதற்காகவே மதிலும் அகழியும் எழுந்தன. பொதுவெளியோ எவரையும் விலக்காத இடம் என்னும் பொருளில் வழங்குகிறது. ஆகவே, கோட்டையைப் பொதுவெளியாக்குதல் என்பது ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்கும் பணியோடு முடிவதில்லை. அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த நோக்கத்தையே தலைகீழாக மாற்றும் செயல் அது. இம்மாற்றம் நிகழ்ந்துள்ளதா, அல்லது மதிலுக்கு வெளியே நின்றவர்கள் கட்டணச் சீட்டோடு மதிலைப் பார்க்க அனுமதிக்கப்பட்டிருக்கிறார்களா என்பதே இங்கு எழும் வினா.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இதன்பின் தமிழகக் கோட்டைகள் மீதான கவனம் கூடியுள்ளது. ஆயினும் இக்கவனம் பெரும்பாலும் பெருங்கோட்டைகளையே சுற்றுகிறது. கொங்கு நாட்டின் சிறு கோட்டைகளும் மண்கோட்டைகளும் அதில் இடம்பெறுவதில்லை. லட்சக்கணக்கான தொழிலாளர் வாழும் ஒரு தொழில் மண்டலத்தின் நடுவில் அவை இருப்பதால், பொதுவெளி பற்றிய கேள்வி அங்குதான் கூர்மையடைகிறது.

இலக்கிய மரபில் அரண்

தமிழ் இலக்கண மரபு கோட்டையைப் போரின் களமாக வகுத்தது. மதிலை முற்றுவோர் உழிஞை சூடினர். காப்போர் நொச்சி சூடினர். தொல்காப்பியம் உழிஞைத் திணைக்குள்ளேயே காவலையும் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்தது. திருக்குறளின் எழுபத்தைந்தாம் அதிகாரமான அரண் வேறொரு கோணத்தையும் தருகிறது. பகைவரால் கைப்பற்ற அரிதாதல், உணவு நிறைந்திருத்தல் ஆகியவற்றோடு, உள்ளிருப்போர் நிலைத்திருக்க எளிதாயிருத்தலையும் அது அரணின் இலக்கணமாகச் சொல்கிறது. எத்துணைச் சிறப்புடைய அரணும் செயல்திறம் இல்லாதவரிடத்தில் பயனற்றது என்ற கருத்தோடு அவ்வதிகாரம் முடிகிறது.

இவ்விரு கருத்துகளும் இன்றைய மறுவடிவமைப்புக்கும் பொருந்தும் அளவுகோல்கள். மதிலின் உயரமும் அகலமும் கணக்கிடப்படும் அளவுக்கு, உள்ளே வருவோர்க்கு நிழல், நீர், அமர இடம் உண்டா என்பது கணக்கிடப்படுவதில்லை. இன்று அகத்தார் எனத் தகுவோர் கோட்டையைப் பயன்படுத்தும் மக்களே. அவர்கள் தங்குவதற்கு எளிதாக இல்லாத கோட்டை, மரபு கூறும் பொருளிலும் குறையுடைய அரணே.

மறைந்த மதில்கள்: ஈரோடும் தாராபுரமும்

மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஐதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி என ஆட்சி கைமாறிய எல்லைப் பகுதியாகக் கொங்கு நாடு இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இவ்வழியைக் காக்கவே கோவை, ஈரோடு, தாராபுரம், கரூர் ஆகிய ஊர்களில் கோட்டைகள் இருந்தன. இன்றைய திருப்பூர் மாவட்டத்திலுள்ள தாராபுரம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூருக்கும் கம்பெனிக்கும் இடையே பலமுறை கைமாறியது. 1792-இல் அக்கோட்டை இடிக்கப்பட்டதாக விவரச்சுவடிகள் குறிக்கின்றன.

ஈரோட்டுக் கோட்டையின் முடிவு இன்னும் கருதத்தக்கது. அது ஒரு மண்கோட்டை. படைத்தேவை நீங்கிச் சிதைந்து கிடந்த அதனை 1877-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகத் தரைமட்டமாக்கினர். பஞ்ச நிவாரணப் பணி என்பது பசித்தவர்க்கு உழைப்புக்கு ஈடாகக் குறைந்த கூலி தரும் ஏற்பாடு. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் ரிச்சர்டு டெம்பிள் பரிந்துரைத்து நடைமுறைக்கு வந்த குறைக்கப்பட்ட கூலி, கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அவ்வகையில் ஈரோட்டில் கோட்டையை நகர நிலமாக மறுவடிவமைத்தவர்கள் கட்டடக் கலைஞர்கள் அல்லர். மண்வெட்டியும் கூடையும் ஏந்திய பஞ்சக் கூலிகள்.

மதில் போனபின்னும் கோட்டை என்னும் பெயர் போகவில்லை. ஈரோட்டில் கோட்டை ஈசுவரன் கோயில், கோட்டைப் பெருமாள் கோயில் என்றும், கோவையில் கோட்டைமேடு என்றும் அது வழங்குகிறது. கோவைக் கோட்டைமேட்டில் கோட்டை ஈசுவரன் எனப்படும் சங்கமேசுவரர் கோயிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. ஒருகாலத்தில் காவலுக்குரியதாக இருந்த நிலம் எவ்விதத் திட்டமுமின்றி மக்களின் அன்றாட வெளியாகிவிட்டது. ஆனால் அங்கு நடப்போர்க்குத் தாம் நிற்கும் தரையின் வரலாற்றைச் சொல்லும் ஏற்பாடு அரிது. சங்ககிரி போன்ற இடத்தில் கல் இருக்கிறது, அன்றாட வாழ்க்கை குறைவு. ஈரோடு, கோவை போன்ற இடங்களில் வாழ்க்கை இருக்கிறது, வரலாறு வாசிக்கக் கிடைப்பதில்லை. மறுவடிவமைப்பு என்றால் மதிலை மீண்டும் எழுப்புவது என்று கொண்டால், இத்தகைய இடங்கள் கணக்கிலேயே வாரா. பழைய மதில் சென்ற தடத்தைத் தெருவில் கல்பதித்துக் காட்டுவதும், 1877-இன் உழைப்பைச் சொல்லும் ஒரு பலகை நிறுத்துவதும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் பணிகள்.

ஓடாநிலை: மணிமண்டபத்தின் தர்க்கம்

காங்கேயம் அருகிலுள்ள மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்த தீரன் சின்னமலை, கம்பெனி ஆட்சியை எதிர்த்த பாளையக்காரர்களுள் ஒருவர். அறச்சலூரை அடுத்த ஓடாநிலையில் அவர் கட்டிய கோட்டையைக் கம்பெனிப் படை தகர்த்தது. இன்று அங்கு அரசு எழுப்பிய மணிமண்டபமும் சிலையும் உள்ளன. ஆடிப் பதினெட்டாம் நாள் ஆண்டுதோறும் அரசு விழாவாக நடைபெறுகிறது.

மணிமண்டபம் தமிழகத்திற்கே உரிய பொதுக் கட்டட வகை எனலாம். நன்றியுணர்வைப் பொதுவில் வெளிப்படுத்த இடம் தந்தது அதன் சிறப்பு. ஆனால் அதன் உள்ளமைப்பு மாலை அணிவித்தலை மையமாகக் கொண்டது. வருவோர் அனைவரும் சிலையை நோக்கி நிற்பார்கள்; ஒருவரையொருவர் நோக்கி அமர அங்கு இடமில்லை. பேசவும் படிக்கவும் ஐயம் கேட்கவும் உரிய இடமாக அது வடிவமைக்கப்படுவதில்லை. கோட்டை ஒரு வாழ்விடம்: படைவீரர், கொல்லர், உணவு சமைத்தோர், ஒற்றர் எனப் பலரது உழைப்பால் நின்றது. மண்டபம் அப்பலரையும் ஒருவரது உருவத்துள் ஒடுக்குகிறது.

இவ்வொடுக்கத்தின் விளைவு கொங்குப் பகுதியிலேயே தெரிகிறது. சின்னமலையின் படையில் பணியாற்றியவராக நினைவுகூரப்படும் அருந்ததியர் சமூகத்துப் பொல்லானுக்கு நெடுநாள் கோரிக்கைக்குப் பின் ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் தனி மணிமண்டபம் எழுந்தது. அவ்வங்கீகாரம் நியாயமானது. எனினும் ஒரே எதிர்ப்பில் தோளோடு தோள் நின்றவராகப் போற்றப்படுவோர்க்குத் தனித்தனி மண்டபங்கள் தேவைப்பட்டன என்பது முதல் மண்டபத்தின் வடிவமைப்பு பற்றிய விமர்சனமாகவும் அமைகிறது. பொதுவெளி பொதுவாக இல்லாதபோது, விடப்பட்டோர் தமக்கென ஒரு வெளியைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓடாநிலையை ஒட்டிய அறச்சலூர் மலையில் புலவர் செ. இராசு கண்டறிந்த புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு உள்ளது. தாள எழுத்துகளை அடுக்கிய அக்கல்வெட்டு தமிழிசை வரலாற்றில் இன்றியமையாத சான்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் மணிக்கற்களோடு நூல் நூற்கப் பயன்பட்ட தக்களி வட்டுகளும் கிடைத்தன. சென்னிமலைக் கைத்தறிப் போர்வை இன்றும் பெயர் பெற்றது. கொடிகாத்த குமரன் பிறந்ததும் சென்னிமலையிலேயே. எதிர்ப்பு, இசை, நெசவு ஆகிய மூன்றும் இவ்வளவு நெருங்கிய நிலப்பரப்பில் அமைந்திருந்தும், இவற்றை இணைத்து வாசிக்கும் பண்பாட்டு மையமாக ஓடாநிலை வளர்க்கப்படவில்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாளி தம் கைத்தொழிலின் தொன்மையை அறிந்துகொள்ளக்கூடிய இடம் அது.

சங்ககிரி: மதிலும் மக்களும்

சேலம்–கோவை இருப்புப்பாதையில் சங்கரிதுர்க்கம், ஈரோடு, திருப்பூர் ஆகியவை ஒரே வழித்தட நிலையங்கள். துர்க்கம் என்னும் சொல்லே கோட்டையைக் குறிக்கும். விசைத்தறிகள் மிகுந்த திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களுக்கு அண்மையில் எழும் இம்மலைக்கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அடிவாரம் முதல் உச்சிவரை அடுக்கடுக்காக மதில்களும் வாயில்களும் அமைந்துள்ளன.

சின்னமலையும் அவர்தம் உடன்பிறந்தாரும் 1805-இல் தூக்கிலிடப்பட்ட இடமாகவே சங்ககிரி பொதுநினைவில் நிற்கிறது. இங்கு ஒரு முரண் உண்டு. அவர் வாழ்ந்த கோட்டையில் மதில் இல்லை. மதில் உள்ள கோட்டை அவரது வாழிடம் அன்று, கொலைக்களம். வாழ்வின் இடத்தில் மண்டபமும் சாவின் இடத்தில் விழாவும் என நினைவு இரண்டாகப் பிரிந்துள்ளது. இவ்விரண்டையும் ஒரே பயணமாக இணைத்துக் காட்டினால்தான் சங்ககிரியின் மதில் யாருடைய அதிகாரத்தைக் குறிக்கிறது என்பது விளங்கும். அதுவரை, வீரனைக் கொன்ற கோட்டையே வீரனின் கோட்டை என மயங்கும் நிலை நீடிக்கும்.

சங்ககிரியில் இன்னும் பல நினைவுகள் படிந்துள்ளன. 1792-இல் சேலம், பாரமகால் பகுதிகள் கம்பெனியிடம் வந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இப்பகுதியில் நடத்திய நிலவரிச் சோதனைகளே பின்னர் இரயத்துவாரி முறையாக மாகாணமெங்கும் பரவின. உழவரின் வரிச்சுமை வரலாறும் இக்கோட்டைப் பரப்போடு பிணைந்தது. தறியிறை எனக் கல்வெட்டுகள் குறிக்கும் தறிவரியின் நெடுவரலாற்றையும் இங்குப் பேச இடமுண்டு. அரண் வெறும் வாளால் நிற்கவில்லை. உழுதவரும் நெய்தவரும் செலுத்திய வரியால் நின்றது.

மேலும், சங்ககிரி மலை ஏற்கெனவே மக்களால் பயன்படுத்தப்படும் வெளி. மலையில் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இசுலாமியர் வழிபடும் தர்காவும் உள்ளன. சித்திரைத் தேர்த்திருவிழாவின்போது பெருமாள் மலையிலிருந்து ஊருக்குள் எழுந்தருளுகிறார். ஆடியில் சின்னமலை நினைவுநாளுக்குக் கூட்டம் சேர்கிறது. இங்கே பொதுவெளியைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. இருப்பதை அறிந்து பேண வேண்டும். சுற்றுலாப் பயணியை மனத்தில் கொண்டு தொடங்கும் திட்டம் இந்நாட்காட்டியைக் காணத் தவறினால், வழக்கமாக வருவோரைப் புறத்தாராக்கிவிடும்.

வேலூர் தரும் பாடம்

தமிழகத்தில் கோட்டை பொதுவெளியாக இயங்குவதற்கு வேலூர் தெளிவான எடுத்துக்காட்டு. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, 133 ஏக்கர் பரப்புள்ள இக்கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் தூய யோவான் தேவாலயமும் அருங்காட்சியகமும் உள்ளன. 1806 ஜூலை 10 அன்று நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சியின் களமும் இதுவே. கண்டியின் கடைசி அரசன் சிறைவைக்கப்பட்ட இடமும் இதுவே. அகழியை ஒட்டிய பூங்காவிலும் வெளியிலும் நகர மக்கள் நாள்தோறும் உலவுகின்றனர். சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழும் இங்கு மேம்பாட்டுப் பணிகள் நடந்தன.

எனினும் வேலூரின் வரலாற்றில் திட்டமிடாத ஒரு மாற்றமே பெரிது. நெடுங்காலம் மூலவர் இன்றி இருந்த சலகண்டேசுவரர் கோயிலில் 1981 மார்ச்சில் இலிங்கம் மீண்டும் நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கியது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்னும் நிலையை மக்களின் பயன்பாடு மீறிச் சென்ற நிகழ்வு அது. அங்குள்ள மசூதியிலும் தொழுகைக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுந்துள்ளது. ஒரு பயன்பாட்டை ஏற்றுக்கொண்ட இடத்தில் மற்றொன்றை எந்த நியாயத்தால் மறுப்பது என்ற கேள்விக்கு விளக்கு அலங்காரமும் நடைபாதையும் விடையாகா. பொதுவெளியின் வடிவமைப்பு என்பது யார், எப்போது, எதற்காக வரலாம் என்னும் நெறிமுறையின் வடிவமைப்பும் ஆகும். அந்நெறிமுறை எழுதப்படாதவரை கல்வேலை எவ்வளவு செம்மையாயினும் பணி பாதியிலேயே நிற்கும்.

உழைப்பின் நாட்காட்டி

திருப்பூர்ப் பனியன் தொழிலில் ஒன்றரை ஷிப்ட் என்பது வழக்கமான சொல். காலையில் தொடங்கும் வேலை இருட்டியபின் முடிகிறது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடைவீதி என்பதே வார ஒழுங்கு. தொல்லியல் துறையின் சின்னங்களோ பொதுவாகச் சூரிய உதயம் முதல் மறைவு வரையே திறந்திருக்கும். ஆக, இம்மண்டலத்தின் பெரும்பான்மை உழைப்பாளிக்கு வாரத்தில் ஆறு நாட்கள் கோட்டை மூடிய கோட்டையே.

இவர்களுள் தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் உள்ளனர். விடுதியிலும் வாடகை அறையிலும் வாழும் அவர்களுக்குப் பணம் செலவழிக்காமல் அமர்ந்திருக்கக்கூடிய இடம் நகரத்தில் மிகக் குறைவு. உள்ளூர் வீரனின் கதை அவர்களது கதையாக இல்லாதிருக்கலாம்; ஆனால் வரி, பஞ்சம், கூலி, புலம்பெயர்வு ஆகியவற்றின் கதை அவர்களுக்கும் உரியது. விளக்கப் பலகையில் எந்தக் கதை எழுதப்படுகிறது என்பது இதனால் அழகியல் சிக்கல் மட்டுமன்று. யார் இம்மண்ணின் பொதுமக்கள் எனக் கருதப்படுகிறார்கள் என்பதை அது தீர்மானிக்கிறது.

சட்டமும் நிதியும்

மறுவடிவமைப்புக்குச் சட்டமே தடை என்னும் கருத்து பரவலாக உண்டு. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதற்பகுதியில் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த பகுதியில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரைவழி அனுமதி வேண்டும். சங்ககிரியைப் பொறுத்தவரை இதனைத் தடையாக அன்றி வழிகாட்டியாகவே கொள்ளலாம். மலைமீது கட்டாமல், அடிவாரத்தில் உரிய தொலைவில் படிப்பகம், நிழல்மண்டபம், மாலைநேர நிகழ்ச்சிக்கான திறந்த அரங்கு ஆகியவற்றை அமைக்கலாம். சின்னம் மாலையில் மூடினாலும் வெளி இரவுவரை இயங்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்தவர்க்கும் அது எட்டும். பயன்பாடு கூடினால் கல் தேயும் என்னும் தொல்லியலாளரின் அச்சத்திற்கும் இதுவே தக்க விடை.

நிதிக்கும் வழி உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, தகுதி வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தேசிய மரபுச் சின்னங்களின் பாதுகாப்பும் அப்பணிகளுள் ஒன்று. ஏற்றுமதித் தொழிலின் தலைநகரான திருப்பூருக்கு இது பொருந்தும். ஆனால் 2018-இல் தில்லிச் செங்கோட்டையின் பராமரிப்பு, மரபுச் சின்னத் தத்தெடுப்புத் திட்டத்தின்கீழ் 5 ஆண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் ஒப்பந்தமாக டால்மியா பாரத் குழுமத்திடம் தரப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நினைவுகூரத்தக்கது. அங்கே எழுந்த கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமன்று. வரலாற்றை எடுத்துச்சொல்லும் உரிமை யாரிடம் செல்கிறது என்பது. கழிப்பறை, குடிநீர், நிழல் ஆகியவற்றுக்கு நிறுவன நிதி வரலாம். விளக்கப் பலகையின் வாசகம் தொல்லியலாளர், வட்டார வரலாற்று ஆய்வாளர், தொழிலாளர் பிரதிநிதிகள் அடங்கிய குழுவிடம் இருத்தல் வேண்டும். ஒரு தொழிலின் முதலாளிகள் மட்டுமே நிதி தந்து, அத்தொழிலின் உழைப்பு வரலாற்றையும் அவர்களே எழுதினால், 1877-இன் மண்சுமந்தோர்க்கு அதில் இடம் கிடைக்கும் என எதிர்பார்க்க இயலாது.

முடிவுரை

கொங்குப் பின்னலாடை மண்டலத்தின் கோட்டைகள் ஒரே மருந்தால் தீரும் நோயாளிகள் அல்ல. ஈரோட்டிலும் தாராபுரத்திலும் தேவைப்படுவது மறைந்த தடத்தை வாசிக்கச் செய்யும் அடையாளம். ஓடாநிலையில் தேவைப்படுவது சிலையைச் சுற்றி உரையாடலுக்கான இடம். அவ்விடம் சின்னமலையோடு நின்ற பிறரையும் உள்ளடக்க வேண்டும். சங்ககிரியில் மலையின் கல்லைத் தொடாமல் அடிவாரத்தை மக்களின் மாலைப்பொழுதுக்குத் திறந்துவிட வேண்டும். கோயில், தர்கா, நினைவுநாள் ஆகிய மூன்று வருகைகளுக்கும் ஒப்பான நெறிமுறையை முன்கூட்டியே வகுப்பது வேலூரின் பட்டறிவு தரும் பாடம்.

இவற்றின் வெற்றியை வருகையாளர் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது போதாது. ஞாயிறன்று வரும் பனியன் தொழிலாளி அங்கு எத்தனை நாழிகை இருக்க முடிகிறது, தம் மொழியில் எதைப் படிக்க முடிகிறது, மறுமுறையும் வரத் தோன்றுகிறதா என்பனவே அளவுகள். அவருக்கு வாயில் திறக்கும் நேரத்தை மாற்றுவதற்கு ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டியதில்லை. திட்ட அறிக்கைகளின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது அந்த நேர அட்டவணைதான்.